பின் டயரை யார் பார்ப்பது?

கோலாலம்பூரில் இப்போது ஓடும் சில மின்கார்களில் 'ஸ்னோ' என்று ஓர் ஓட்டமுறை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு வாழை இலைச் சாப்பாட்டுக்குப் போகிற ஒருவர், இது நமக்கெதற்கு என்றுதான் நினைப்பார். கோலாலம்பூரில் பனி பெய்ததில்லை, பெய்யப் போவதுமில்லை. ஆனால் அந்த ஓட்டமுறை செய்யும் வேலை என்ன? ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதித்தாலும் சக்கரத்துக்கு விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே அனுப்புவது. வழுக்கும் தரையில் சக்கரம் வெறுமனே சுழலாமல் இருக்க அதுதான் வழி. மாலை நான்கரை மணிக்கு இடியோடு கொட்டித் தீர்க்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு மழையில் அந்த நிதானம் இங்கேயும் வேண்டியிருக்கிறது.

இதை இப்போது பேசியாக வேண்டும். ஒரு தலைமுறைக்கும் மேலாக வீட்டுக் கார்களிலிருந்து ஒதுங்கியிருந்த பின்சக்கர இயக்கம் சத்தமில்லாமல் திரும்பி வந்துகொண்டிருக்கிறது.

1970களில் இங்கே கார் வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஓட்டியது பின்சக்கர வண்டிகளைத்தான். டட்சன் 120ஒய், அந்தக் காலத்து டொயோட்டா கொரொல்லா, வசதியுள்ள வீடுகளில் மெர்சிடிஸ் அல்லது வோல்வோ. என்ஜின் முன்னால் இருக்கும். நீளமான ஷாஃப்ட் ஒன்று வண்டிக்கு அடியில் ஓடிப் பின்சக்கரங்களைச் சுழற்றும். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. அது முன்சக்கர வண்டி. 1994இல் கஞ்சில், 2005இல் மைவி என்று அடுத்தடுத்து வந்த மக்கள் கார்களும் அதே வகை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் பார்க்கும் கஞ்சில், விவா, ஆக்ஸியா எல்லாமே முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. ஆக, இன்று நாற்பது வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பின்சக்கர வண்டியை ஒருமுறைகூடத் தொடாமலே உரிமம் எடுத்திருக்க வாய்ப்பு மிக அதிகம்.

அந்த உரிமத்தோடு அவர் நேரே ஒரு ஹைலக்ஸிலோ ஹையேஸிலோ ஏறி உட்காரலாம். சட்டம் தடுக்காது. வேனும் பிக்கப்பும் லோரியும் பெரும்பாலும் பின்சக்கரத்தை விட்டதில்லை. கிள்ளானில் கல்யாண வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேன், காலையில் தமிழ்ப்பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிடும் வேன், துறைமுகத்திலிருந்து கொள்கலன் இழுத்து வரும் லோரி எல்லாவற்றையும் பின்சக்கரங்களே தள்ளுகின்றன. நான்கு சக்கர இயக்கம் என்று சொல்லி வாங்கிய ஹைலக்ஸ்கூட சாதாரணத் தார்ச்சாலையில் இரண்டு பின்சக்கரங்களால்தான் ஓடுகிறது. ஓட்டுபவர் தேர்ந்தெடுத்தால் மட்டுமே நான்கும் சேரும். இந்த உண்மை தெரியாமல், நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் மழையில் விரட்டுகிறவர்கள் உண்டு.

இந்தப் பழைய கூட்டத்தோடு இப்போது மின்கார்களும் சேர்ந்திருக்கின்றன. 2023 ஜூலையில் டெஸ்லா மலேசியாவில் விற்பனையைத் தொடங்கியபோது, மாடல் ஒய்-யின் தொடக்க விலை ரகம் பின்சக்கர இயக்கத்தோடுதான் வந்தது. பிஒய்டி சீல் காரின் ஒற்றை மோட்டார் ரகமும் அப்படியே. மின்காரில் நீள ஷாஃப்ட் தேவையில்லை. மோட்டாரைப் பின் அச்சிலேயே பொருத்திவிடலாம். முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் பார்த்துக்கொள்ளும். வறண்ட சாலையில் இதைவிட இதமான ஏற்பாடு இல்லை.

வோல்வோவைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். பனி கொட்டும் சுவீடனில் பிறந்த அந்த நிறுவனத்தின் கார்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து நம் ஷா ஆலாமில் பொருத்தப்பட்டு வருகின்றன. 1974 முதல் 1993 வரை தயாரான வோல்வோ 240 வரிசை முழுக்கப் பின்சக்கர வண்டி. வருடத்தில் பல மாதம் வெள்ளை போர்த்திய சாலைகளில் சுவீடன்காரர்கள் அதை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். 1991இல் 850 மாடலோடு வோல்வோவின் பெரிய கார்கள் முன்சக்கரத்துக்கு மாறத் தொடங்கின. 1998இல் கடைசிப் பின்சக்கர மாடலும் நின்றது. என்ஜினின் கனம் முழுவதும் இயங்கும் சக்கரத்தின் மேலேயே அமர்வதால் பனியில் முன்சக்கரம் எளிதாகப் பிடித்து ஏறும் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட காரணம். ஆனால் 2023இல், கால் நூற்றாண்டுக்குப் பிறகு, எக்ஸ்சி40, சி40 மின்கார்களின் ஒற்றை மோட்டார் ரகங்களில் வோல்வோ மறுபடியும் பின்சக்கரத்துக்கே திரும்பியது. பனி நாட்டுக்காரர்களே திரும்பி வருகிறார்கள் என்றால், பின்சக்கரம் என்றாலே ஆபத்து என்ற பயம் இனி செல்லாது. எந்தச் சக்கரம் சுழல்கிறது என்பதைவிட அந்தச் சக்கரத்தில் என்ன டயர் இருக்கிறது, யார் ஓட்டுகிறார், என்ன வேகத்தில் ஓட்டுகிறார் என்பவையே முக்கியம்.

பனி நாடுகள் இவற்றை முழுக்க ஓட்டுநரின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. சுவீடனில் டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, சாலையில் குளிர்கால நிலைமை இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அதன் பள்ளம் குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அங்கே உரிமம் எடுப்பவர் வழுக்குத் தளத்தில் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். வேண்டுமென்றே வழுக்கும்படி அமைத்த பாதையில் வண்டி எப்படி நழுவுகிறது, எவ்வளவு தூரம் தள்ளிப்போய் நிற்கிறது என்பதைத் தன் கையாலும் காலாலும் உணர்ந்த பிறகுதான் உரிமம். கனடாவின் கியூபெக் மாநிலம் 2008லிருந்து குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தமிழர்கள் பெருவாரியாக வாழும் டொரொண்டோ நகரம் அடங்கிய ஒன்டாரியோ வேறு வழியில் போனது. அங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல், குளிர்கால டயர் மாட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று எல்லாக் காப்புறுதி நிறுவனங்களுக்கும் உத்தரவு. டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வாழும் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், நவம்பர் பிறந்தால் டயர் மாற்றக் கடையில் காத்திருக்கும் கதையைச் சொல்வார்கள்.

மலேசியாவில் பனி இல்லை; தண்ணீர் இருக்கிறது. பருவ மாற்றக் காலமான ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் மேகம் திரண்டு, வேலை முடிந்து எல்லோரும் சாலைக்கு வரும் நேரத்தில் கொட்டுகிறது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வடிகால் விழுங்கி முடிப்பதற்குள் ஓரத் தடங்களில் தண்ணீர் தேங்கிவிடும். அதைவிட மோசம், சில நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் பத்து நிமிட மழை. லோரிகள் சிந்திய எண்ணெய், டயர்த் தூள், புழுதி எல்லாம் தண்ணீரோடு குழைந்து சாலை மேல் மெழுகுபோல் படரும். பலத்த மழை அடித்து அதைக் கழுவிக்கொண்டு போகும் வரை சாலை மிகவும் வழுக்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகிற கார், பிரேக் பிடித்த கணத்திலிருந்து வறண்ட தாரில் ஏறத்தாழ 45 மீட்டரில் நிற்கும். நனைந்த சாலையில் ஏறத்தாழ 80 மீட்டர் வேண்டும். இறுகிய பனி என்றால் 160 மீட்டர் வரை போகலாம். பிரேக் மிதிக்க மூளை எடுத்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. மழைச் சாலை, பனிச் சாலைக்கும் வறண்ட சாலைக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் டயர் தண்ணீர் மேல் மிதக்க ஆரம்பித்துவிட்டால் அந்த இடைவெளியும் போய்விடும். பிடிமானம் பனிக்கட்டி அளவுக்கு இறங்கிவிடும். 

இந்த மிதப்பை அமெரிக்காவின் நாசா ஆராய்ந்து 1963இலேயே ஒரு சூத்திரம் தந்தது. ஈர ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்காகச் செய்த ஆய்வு அது. தண்ணீரை வெளியேற்றப் பள்ளமில்லாத டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது அதன் காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று அது காட்டியது. காரின் கணக்குக்கு மாற்றினால், 32 பிஎஸ்ஐ காற்றுள்ள தேய்ந்த டயர் மணிக்கு 94 கிலோமீட்டர் அளவில் மிதக்கத் தொடங்கும். காற்று 24 பிஎஸ்ஐக்கு இறங்கியிருந்தால் 82 கிலோமீட்டரே போதும். விரைவுச்சாலையில் அனுமதிக்கப்பட்ட வேகம் 110. வேக வரம்பை மீறாமல் போகிறவரும், டயர் மொட்டையாக இருந்தால், தண்ணீர் தேங்கிய இடத்தில் தரையைத் தொடாமல் போகிறார் என்று பொருள்.

முன்சக்கரங்கள் மிதந்தால் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவதுபோல் லேசாகும். வண்டி திரும்பாமல் நேரே போகும். ஓட்டுநருக்கு உடனே தெரிந்துவிடும். காலை எடுப்பார், வேகம் குறையும், பிடிமானம் திரும்பும். பின்சக்கரங்கள் நழுவுவது அப்படியில்லை. கைக்கு எந்தச் செய்தியும் வராது. முதுகில் ஒரு நெளிவு தெரியும்போது வண்டியின் பின்பக்கம் ஏற்கெனவே பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கும். பயத்தில் பிரேக்கை அழுத்தினாலோ ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டாலோ எடை முன்பக்கம் பாய்ந்து, பின்பக்கம் இன்னும் லேசாகி, வண்டி சுழன்றே போய்விடும். காலி வேனிலும் காலி ஹைலக்ஸிலும் இது இன்னும் எளிதில் நடக்கும். சுமை ஏற்றுவதற்கென்றே அமைந்த விறைப்பான பின் ஸ்பிரிங், மேலே கனமில்லாத பெட்டி. சாப்பாட்டு அண்டாக்களை இறக்கிவிட்டு, மழையில் வேகமாகத் திரும்பும் வேனுக்கு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வளைவுதான் ஆபத்தான இடம். பனி நாடுகளில் பிக்கப் வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் பின்னால் மணல் மூட்டை போட்டு ஓட்டுவது இதனால்தான். 

இதெல்லாம் தெரிந்தும் பட்டறையில் நடப்பது வேறு. கிள்ளானில் எந்த டயர் கடையிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பள்ளி வேன் ஒன்று ஜாக்கி மேல் நிற்கிறது. நான்கு டயரும் தேய்ந்திருக்கின்றன. பின் இரண்டும் இன்னும் மோசம், ஏனென்றால் தள்ளுவதும் சுமப்பதும் அவைதான். "புங்கா முடிஞ்சிருச்சுண்ணே, நாலும் மாத்திருங்க" என்கிறார் பட்டறைக்காரர், தேய்ந்த பள்ளத்தைக் காட்டி. "இந்த மாசம் ரெண்டுதான் முடியும் தம்பி. முன்னாடி போட்டுடு, ஸ்டியரிங் நல்லா பிடிக்கட்டும்" என்கிறார் வேன்காரர். புது டயர் இரண்டும் முன்னால் ஏறுகின்றன. முன்னால் இருந்த, கொஞ்சம் தேவலையான இரண்டும் பின்னால் போகின்றன. காசு மிச்சம் பிடித்த நிம்மதியோடு வேன் கிளம்புகிறது. அடுத்த மழையில் அதன் முன்பக்கம் கச்சிதமாகத் திரும்பும்; பின்பக்கம் அதோடு வராது. ஓட்டுநரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பிள்ளைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம் வாங்கி, டீசல், தவணை, பராமரிப்பு எல்லாவற்றையும் அதற்குள் அடக்குகிறவர் அவர். ஆனால் இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் அந்த இரண்டும் பின்னால்தான் போக வேண்டும். மிஷலின் உள்ளிட்ட டயர் நிறுவனங்களே பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் பரிந்துரை இது. முன்சக்கர வண்டிக்கும் இதே விதிதான். பின்சக்கர வண்டிக்கு இரண்டு மடங்கு பொருந்தும்.

அதே கடையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். நம் வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டியில், பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் காலப்போக்கில் இறுகிவிடும்; இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பிடிக்காது. வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் கார்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பள்ளம் தேயவில்லையே என்று உரிமையாளர் ஏழெட்டு வருடம் அதே டயரில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பேட்டரி தரையில் பரந்து கிடப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகப் பிரிகிறது. சக்கரம் நழுவினால் கணினி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விசையைக் குறைக்கிறது. பழைய டட்சனுக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆனால் மின்காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் பிரேக்காக மாறி மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும். பின்சக்கர மின்காரில் அந்த இழுப்பு முழுவதும் பின் டயர்களின் மேல் விழுகிறது. காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பாவிலிருந்து கோம்பாக் நோக்கி இறங்கும் ஈர வளைவு ஒன்றில் காலைச் சட்டென்று எடுப்பதும், பின் பிரேக்கை மட்டும் பிடிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். மழையில் அந்தச் சேமிப்பு அளவைக் குறைத்து வைக்க வசதி இருந்தால் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் காலை மெல்ல எடுக்கப் பழகுங்கள். 'ஸ்னோ' இருந்தால் அடைமழையில் தயங்காமல் பயன்படுத்துங்கள். இந்த மின்கார்கள் கனமானவை, புறப்படும்போதே முழு விசையையும் தருபவை; ஆகவே டயரைச் சீக்கிரம் தேய்க்கும். பெட்ரோல் கார் பழக்கத்தில் டயர் மாற்றும் நாளைக் கணக்கிட்டால் தப்பாகும்.

இந்த விஷயத்தில் அதிகம் இழப்பவர்கள் கார்க்காரர்கள் அல்லர். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். மழை பிடித்தால் அவர்கள் பாலத்தடியில் ஒதுங்குவார்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் இளைஞர்கள், பின்னால் பிள்ளையை உட்கார வைத்திருக்கும் தாய்மார்கள் சாலையோரம் வரிசையாக நின்று மழை உடுப்பை மாட்டிக்கொண்டிருப்பார்கள். நழுவி வந்த வாகனம் அப்படி நின்றவர்கள் மேல் மோதிய செய்தியைப் படிக்காத பத்திரிகை வாசகர் இங்கே இருக்க மாட்டார். மொட்டை டயரோடு மழையில் விரைகிறவர் தன் உயிரோடு மட்டும் விளையாடவில்லை.

அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு மழையில் ஓட்டும் பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நான்கு விளக்கும் மின்னும்போது, எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாது; வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்பதும் தெரியாது. அவர் திடீர் பிரேக் பிடிக்கிறார், நழுவுகிறது. முகப்பு விளக்கைப் போடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இடைவெளி விடுங்கள். அபாய விளக்கு நின்றுபோன வண்டிக்கு.

அரசு செய்ய வேண்டியது அதிகம். நம் நாட்டில் டயர்ப் பள்ளத்தின் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர். புது டயரில் இது ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். 1.6 வறண்ட சாலைக்குப் போதலாம். ஆண்டு முழுக்க மழை பெய்யும் நாட்டுக்குப் போதாது. பள்ளி வேன், பேருந்து, லோரிகளுக்காவது இதை 3 மில்லிமீட்டர் ஆக்க வேண்டும். வணிக வாகனங்கள் குறிப்பிட்ட இடைவெளியில் சோதனை மையத்துக்குப் போகின்றன; ஆனால் ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவில் ஒரு ஜோடி டயர் முழுதாகத் தேய்ந்துவிடலாம். தனியார் கார்களுக்கு வழக்கமான சோதனையே கிடையாது. பெருநாள் காலச் சாலைச் சோதனையில் சாலைப் போக்குவரத்துத் துறை அதிகாரி உரிமத்தைக் கேட்கும்போது, ஆழம் அளக்கும் கருவியைப் பின் டயரில் ஒரு நொடி வைத்துப் பார்க்கட்டும். அந்தக் கருவி சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.

காப்புறுதி நிறுவனங்கள் ஒன்டாரியோவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நல்ல டயருக்கான ரசீதைக் காட்டுகிறவருக்குக் கட்டணத்தில் சிறு தள்ளுபடி கொடுத்தால், பள்ளி வேன்காரர் இரண்டுக்குப் பதில் நான்கு டயர் வாங்கத் துணிவார். பயிற்சிப் பள்ளிகள் பற்றி மறுபேச்சே வேண்டாம். வழுக்குத் தளம் ஒன்றை மாநிலத்துக்கு ஒரு இடத்திலாவது அமைத்து, வேன் ஓட்டவும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லவும் அனுமதி கேட்பவர்கள் அதில் ஒரு நாள் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று விதி வர வேண்டும். காஜாங்கில் மைரோஸ் என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் இயங்குகிறது. ஆசியான் நாடுகளுக்கான கார் மோதல் சோதனைகளையும் அங்கிருந்தே நடத்துகிறார்கள். வண்டி நழுவாமல் காக்கும் மின்னணு நிலைப்பாட்டுக் கருவிக்கு அந்தச் சோதனைகள் மதிப்பெண் கொடுத்த பிறகுதான் மலிவுக் கார்களிலும் அது பரவியது. அறிவும் ஆளும் இங்கேயே இருக்கிறார்கள். முடிவெடுக்க வேண்டியது அமைச்சு.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியின் பின்பக்கம் குனிந்து, டயரின் பள்ளத்தையும் நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். மாதம் ஒருமுறை, டயர் சூடாவதற்கு முன், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று பிடியுங்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் மறுத்தாலும் விடாதீர்கள். பிள்ளை பள்ளி வேனில் போகிறது என்றால், நாளை காலை வேன் வரும்போது அதன் பின் டயரை ஒருமுறை பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்த அண்ணனிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். காசுதான் தடை என்றால், அந்த வேனில் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அந்த இரண்டு டயரை வாங்கிக் கொடுங்கள்.